மஞ்சள் கண் குட்டிகள்

மூன்றாவது குட்டி செத்துக் கிடந்த காலையில்தான் நான் வில்ஹெல்மைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அது வைக்கோலில் பக்கவாட்டில் கிடந்தது. குனிந்து கண்மடலை விரலால் நீக்கிப் பார்த்தேன். வெள்ளை இருக்கவேண்டிய இடமெல்லாம் மஞ்சள், பழுத்த எலுமிச்சம் தோல் மாதிரி. அது பெய்திருந்த இடம் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோலக் கறுத்திருந்தது. முதல் இரண்டும் இப்படித்தான் போயின. ஒருநாள் பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும். அடுத்த நாள் தலையைத் தொங்கப்போடும். அதற்கடுத்த நாள் கிடையில் ஒன்று குறையும்.

நிமிர்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் வில்ஹெல்ம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. ஆடு மேய்க்கிற மனிதருக்குக் காலடிச் சத்தமே இருப்பதில்லை. அவருடைய இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் நீலமாக இருந்தன.

"கடைசியா எப்ப குடிச்சது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாததே?" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு செத்த குட்டியின் பின்காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அந்த நீலக் கையை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மணல் ஊர்

போன வாரம் படித்தவர்களுக்கு இந்த இடம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் கப்பலில் சமையல்காரர். ஹம்பேர்க் துறைமுகத்தில் படியில் சறுக்கிக் கால் முறிந்தது. கால் பொருந்துவதற்குள் கப்பல் போய்விட்டது. யாரோ கைகாட்டி, ஹைடெ என்று சொல்கிற மணற்காட்டில் ஒரு சத்திரத்துக் குசினியில் வேலை கிடைத்தது. ஒன்றரை வருடம் கழித்து நான் போய்ச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான ஆண்டு பழைய கடவுச்சீட்டில் இருக்கிறது, அது மகளின் வீட்டில்.

ஜேர்மனி என்றால் பச்சை என்று நினைத்துப் போனவள் நான். அங்கே பஸ்ஸால் இறங்கிக் கால் வைத்தால் மணல். வெள்ளை மணல், சப்பாத்துக்குள் ஏறுகிற மணல். வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவளுக்கு மணல் புதிது இல்லை. ஆனால் கடல் இல்லாமல் இவ்வளவு மணல் எப்படி வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். முழங்கால் உயரத்துக்குக் கம்பிபோன்ற பற்றைச் செடி. நடுவில் ஒற்றை ஒற்றையாகக் கறுத்த மரங்கள், ஆட்கள் நின்று பார்ப்பதுபோல. எதை விதைத்தாலும் கிழங்கு விரல் மொத்தத்துக்கு மேல் விளையாது. ஆடு ஒன்றுதான் அந்த நிலத்தில் பிழைக்கும்.

ஏழு வீடு. ஒரு பெற்றோல் பம்ப். சத்திரம். சத்திரத்துக்குப் பின்னால் முந்நூறு செம்மறி. சாம்பல் உரோமம், கறுத்த முகம், கிடாய்க்கு மட்டுமல்ல, பெட்டை மறிக்கும் கொம்பு உண்டு. அவ்வளவுதான் ஊர்.

காலையில் லொறிக்காரர் வருவார்கள். ஆவணி மாதம் அந்தப் பற்றையெல்லாம் ஊதாவாகப் பூக்கும். அப்போது ஹம்பேர்க்கிலிருந்து வயதானவர்கள் பஸ் பஸ்ஸாக வந்து, பூவைப் பார்த்துவிட்டு, ஆட்டிறைச்சி தின்றுவிட்டுப் போவார்கள். முதுகில் மூட்டை கட்டி நடக்கிறவர்கள் வருவார்கள். பயிற்சிக்கு வருகிற இங்கிலீஷ் பட்டாளத்தார் வருவார்கள், தாங்கி வண்டிப் புழுதி சூப் கோப்பைக்குள்ளும் வரும்.

வந்து போகிறவர்களால் பிழைக்கிற ஊர் அது. வந்து போகிற ஒருவரையும் நம்பாத ஊரும் அதுதான். முதலாளி அம்மா லூர்ஸ், கணவனை இழந்தவர், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருந்தார். நிற்கிற ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத்தையும் யன்னலால் பார்த்து அதில் எழுதுவார். பஸ் புறப்படுமுன் கரண்டி எண்ணுவோம். கக்கூசில் சவர்க்காரத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் யன்னல் சீலை முதலில் அசையும், கதவு பிறகுதான் திறக்கும்.

வந்தவர்கள் போய்விடவேண்டும் என்பதுதான் அந்த ஊரின் ஒழுங்கு. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. அதுதான் எங்கள் பிழை.

அவர்கள் பேசியது ஜேர்மன். எனக்கு அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் படிப்பிக்கவில்லை. தமிழையே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பித்தார்கள். காதில் விழுந்ததை என் பேச்சிலேயே இங்கே எழுதுகிறேன்.

பச்சைக் கார்

சந்தேகத்தை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கப்பல்காரன் பெண்சாதி நான். ஆனால் சந்தேகப்பட்டால் மதிப்பு உண்டு என்பதை அங்கேதான் கண்டேன்.

நான் போன முதல் கோடையில் பச்சைக் கார் ஒன்றில் ஒருவர் வந்து மூன்று நாள் தங்கினார். ஒருவரோடும் பேசவில்லை. பகல் முழுக்கப் பற்றைக்குள் போய் இருப்பார். கையில் கொப்பி. ஒருநாள் தேநீர் கொண்டுபோனபோது கொப்பியைச் சட்டென்று மூடினார். நான் குசினிக்கு வந்து, எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லை வைத்து முதலாளி அம்மாவிடம் சொன்னேன். அவர் இலக்கத்தைப் பார்த்துப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார். பொலிஸ் வந்து கொப்பியைத் திறந்து பார்த்தால், அந்தக் கறுத்த மரங்களின் படம். பக்கம் பக்கமாக மரம். ஆள் எங்கோ பள்ளிக்கூட வாத்தியாராம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் முதலாளி அம்மா என் தோளில் கை வைத்து, "நல்லாப் பாத்தீர், பரா. இப்பிடித்தான் கண் இருக்கவேணும்" என்றார். பராசக்தி என்ற பெயர் அவர்கள் வாயில் பரா என்று நின்றுவிட்டது.

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அன்றிலிருந்து நானும் யன்னலால் பார்க்கத் தொடங்கினேன்.

தாய் ஒதுக்கிய குட்டிகள்

செம்மறி சில நேரம் தன் குட்டியையே முட்டித் தள்ளும். இரட்டை போட்டால் ஒன்றைத்தான் சேர்க்கும். அப்படி ஒதுக்கின குட்டிகளைச் சத்திரத்துப் பெண்கள் போத்தல் பாலில் வளர்ப்பது அங்கே வழக்கம். முந்திய பெண் கலியாணம் கட்டிப் போய்விட்டதால், அடுத்த வருடம் மாசியில் வேலை என்னிடம் வந்தது. ஒன்பது குட்டி.

வில்ஹெல்முக்கு விருப்பமில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், இருபத்தேழு வருடம் அங்கேயே ஆடு மேய்த்தவர், கொட்டிலோடு ஒட்டின அறையில் தனியே இருந்தவர். "இவவுக்கு ஆடு தெரியுமோ?" என்று முதலாளி அம்மாவிடம் என் முன்னாலேயே கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் நடக்கப் பழகியதே ஆட்டின் வாலைப் பிடித்துத்தான். "வில்ஹெல்ம் அண்ணை, நான் ஆடு வளத்தது நீங்கள் மேய்ச்ச காலத்தை விடக் கூட" என்று சொல்லிவிட்டேன். அது பொய். ஆனால் சொன்ன பிறகு திருப்பி எடுக்கவில்லை.

அண்ணை என்றது ஒரு மரியாதைக்கு. என்னைவிட மூத்த ஆணைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அங்கே அந்தச் சொல் ஒரு பெண்ணின் பெயர் மாதிரிக் காதில் விழுமாம். லொறிக்காரர்கள் கேட்டுவிட்டு, அந்த மனிதர் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்று கதிரை இழுத்துவிட்டார்கள், சீமாட்டிக்குச் செய்வதுபோல. அவர் சிரிக்கவும் இல்லை, என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

எப்படிப் பால் கொடுப்பது என்பதைக் காட்டித்தந்தது அவர்தான், அதைச் சொல்லவேண்டும். சூடான பாலை அவசரமாகக் குடித்தால் குட்டிக்கு வயிறு ஊதும். அதனால் காலையில் கரைத்த பாலைக் கொஞ்சம் மோர் விட்டு மெல்லப் புளிக்கவிட்டு, குளிராகவே நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். பெரிய பாத்திரம் ஒன்று வேண்டும். குசினியில் இருந்த அலுமினியச் சட்டிகளைத் தொட என் கணவர் விடமாட்டார், அவருக்குக் குசினி என்றால் கப்பல் குசினி, ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு ஆணி.

என்னிடம் என் கிடாரம் இருந்தது. கலியாணத்துக்கு அம்மா தந்த செப்புக் கிடாரம். உடுப்பை அதற்குள் திணித்து, வாயைச் சாக்கால் கட்டிக் கப்பலில் கொண்டுவந்தேன். அந்தச் சத்திரத்தில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. யன்னலோரம் வைத்திருந்தேன். வருகிற போகிறவர்கள் படம் எடுப்பார்கள். அதற்காகவே தினமும் அந்த வெள்ளை மணலில் ஒரு பிடி அள்ளி, புளி இல்லாததால் வினாகிரி விட்டுத் தேய்ப்பேன். உள்ளும் புறமும். சூரியன் பட்டால் தெருவில் போகிற லொறிக்காரன் கண்ணைச் சுருக்கவேண்டும், அப்படித் தேய்ப்பேன்.

என் குட்டிகள் என் கிடாரத்தில் குடிக்கட்டும் என்று வைத்துவிட்டேன். ஒன்பதும் மளமளவென்று வளர்ந்தன. சித்திரை முடியும்வரை வில்ஹெல்முக்கு என்னிடம் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவர் வருவார், குனிவார், குட்டியின் வாயைத் திறந்து பார்ப்பார், போவார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

வைகாசியில்தான் முதல் குட்டி முகத்தைத் திருப்பியது.

நீலத் தொட்டி

இனி மூன்றாவது குட்டி செத்த காலைக்கு வருகிறேன்.

அந்த நீலக் கையை நான் மறக்கவில்லை. ஆட்டுக் குளம்பு ஈரத்தில் அழுகினால், ஒரு நீண்ட மரத் தொட்டியில் மயில்துத்தத்தைக் கரைத்து, ஆடுகளை அதற்குள்ளால் நடத்துவார்கள். எங்கள் ஊர்த் தோட்டக்காரரும் அந்த நீலக் கல்லைக் கரைத்துக் கொடிக்கு அடிப்பதுண்டு. சின்னப் பிள்ளைகளைக் கிட்டப் போகவிட மாட்டார்கள், நஞ்சு என்று. தொட்டி கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது. என் குட்டிகளின் கிடையிலிருந்து பத்து அடி.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இவருக்கு நான் குட்டி வளர்ப்பது பிடிக்கவில்லை. குட்டிகள் நன்றாக வளர்ந்ததும் பிடிக்கவில்லை. கையில் நஞ்சு. சத்தமில்லாமல் வந்து நிற்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாலு நாள் யன்னலால் பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் அவர் கிடைக்குள் குனிந்து, ஒரு குட்டியின் வாய்க்குள் விரலை வைத்ததைக் கண்டேன். அடுத்த நாள் அந்தக் குட்டியும் முகத்தைத் திருப்பியது.

முதலாளி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பச்சைக் கார்க்காரரைச் சொன்னதுபோலவே சொன்னேன், இப்போது கொஞ்சம் கூடச் சொல்லும் தெரிந்திருந்தது. "நீலக் கையை குட்டியின்ரை வாய்க்கை வைச்சவர். நான் கண்ணாலை கண்டனான்."

அவர் "வில்ஹெல்மோ?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு நாலாவது குட்டி செத்ததும் மிருக வைத்தியரைக் கூப்பிட்டார்.

வைத்தியர் மெலிந்த மனிதர், எப்போதும் மூக்கு ஒழுகும். குட்டியை ஒரு ரப்பர் சீலையில் சுற்றிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு போனார். வெட்டிப் பார்த்து, எங்கோ அனுப்பி, மறுமொழி வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் வில்ஹெல்முக்கு சூப் ஊற்றினேன், அவர் முகத்தைப் பார்க்காமல். அவரும் என்னைப் பார்க்கவில்லை. மீதி ஐந்து குட்டிக்கும் நான் வழமைபோல என் கிடாரத்தில் பால் கரைத்தேன்.

செம்பு

ஒரு பஸ் வந்து நின்ற மத்தியானம் அது. நாற்பது பேருக்கு மேல் சாப்பாட்டு அறையில். வைத்தியர் பின்கதவால் வந்தார். குசினியில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன், என் கணவர் அடுப்படியில். முதலாளி அம்மா வில்ஹெல்மையும் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

வைத்தியர் மூக்கைத் துடைத்துவிட்டு, ஈரலில் செம்பு என்றார். சாதாரணமாக இருக்கிற அளவை விடப் பன்மடங்கு. செம்மறிக்குச் செம்பு ஆகவே ஆகாதாம். மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும், செம்மறி தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டு நன்றாகத்தான் நிற்குமாம். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் இரத்தத்தில் விடும், கண் மஞ்சளாகும், செத்துப்போகும்.

"மயில்துத்தம் முழுக்கச் செம்புதான்" என்றார் வைத்தியர். சொல்லிவிட்டு, வில்ஹெல்மின் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

"தொட்டி மூடித்தான் இருந்தது" என்றார் வில்ஹெல்ம்.

"கையைக் கழுவாமல் குட்டியின்ரை வாயைத் தொட்டதை ஆள் கண்டிருக்கு" என்றார் முதலாளி அம்மா. ஆள் யார் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை, அந்த இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.

"நாக்கு வெளிறினதோ எண்டு பாத்தனான். கை கழுவினனான். அந்த நீலம் கழுவினாலும் போகாது."

முதலாளி அம்மா ஆத்திரப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்த மாத முடிவோடு கொட்டில் அறையை விட்டுவிடவேண்டும் என்று, ரொட்டிக்காரனை நாளைக்கு வா என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். வில்ஹெல்ம் தொப்பியைக் கழற்றியவர் திரும்பப் போடாமல் வெளியே போனார். வாசலில் நின்ற அவருடைய நாய், போவதா இருப்பதா என்று தெரியாமல் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தது.

முதலாளி அம்மாவும் வைத்தியரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். நான் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். செம்பு என்ற சொல் வந்த உடனேயே என் கண் யன்னலோரம் போய்விட்டது.

அன்றைக்குரிய பால் கிடாரத்தில் பாதி இருந்தது. கைவிட்டு விளிம்பைத் தடவினேன். உள்ளே ஈயம் பூசிய வெள்ளை எங்கேயும் இல்லை. மணலும் வினாகிரியுமாகத் தேய்த்துத் தேய்த்து, எப்போதோ போய்விட்டது. உள்ளே வெறும் செம்பு, புளித்த பாலுக்குள் காலையிலிருந்து மாலைவரை. பால் மட்டத்துக்கு மேலே ஒரு பச்சைக் கோடு.

ஈயம் தேய்ந்ததை நான் முன்பே கண்டேனா என்று கேட்டால், கண்டேன். பொய் சொல்ல மாட்டேன். மனிதருக்கென்றால் அந்தக் கிடாரத்தில் மோர் வைத்திருக்க மாட்டேன், களிம்பு ஏறும் என்று எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஈயம் பூச ஆளை அந்த மணற்காட்டில் எங்கே தேட? ஆட்டுக்குத்தானே என்று விட்டேன். எங்கள் வீட்டில் வெள்ளாடுகள் களிம்பேறின சட்டியில்தான் கழுநீர் குடித்தன. ஒன்றும் சாகவில்லை. ஆடு எனக்குத் தெரியும் என்று மார்தட்டியவள், செம்மறி தெரியாதவள்.

என் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கிடாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"இஞ்சாரும், வாய் திறக்காதையும். எங்கடை விசா முதலாளி அம்மா தந்த கடதாசியிலை நிக்குது. கிடாரத்தை நான் எடுத்து மறைக்கிறன். நாளையிலை இருந்து அலுமினியச் சட்டியைத் தாறன்."

அலுமினியச் சட்டி தருகிறேன் என்று அவர் வாயால் வந்ததே. அதிலிருந்து எவ்வளவு பயந்திருந்தார் என்று பாருங்கள்.

நான் அதை யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாக யோசித்தேன். பாத்திரத்தை மாற்றினால் குட்டி சாவது நிற்கும். நின்றால், வில்ஹெல்மை அனுப்பினதால் நின்றது என்று ஊர் சொல்லும். முதலாளி அம்மா என் தோளில் திரும்பவும் கை வைப்பார். எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது. வில்ஹெல்மைப் பற்றி நான் போட்ட கணக்கும் இப்படித்தானே சுத்தமாகப் பொருந்தி வந்தது.

"விசா போனால் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன் என் கணவரிடம். கிடாரத்தை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

சாப்பாட்டு அறை

பாலோடு கனம். நடக்க நடக்கத் தளும்பிச் சேலையில் ஊற்றியது. சாப்பாட்டு அறையில் நாற்பது முகமும் திரும்பின. ஒரு கிழவி, அழகான பாத்திரம் என்று படப்பெட்டியை எடுத்தார். நான் நிற்கவில்லை. மூலை மேசையில் முதலாளி அம்மாவும் வைத்தியரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கிடாரத்தை வைத்தேன்.

"இது செம்பு" என்றேன். "குட்டிக்குப் பால் இதிலைதான் வைக்கிறனான். மாசியிலை இருந்து. புளிச்ச பால். வில்ஹெல்ம் அண்ணை இல்லை. நான்."

இவ்வளவுதான் எனக்கு அந்த மொழியில் ஏலும். இன்னும் கொஞ்சம் தெரிந்திருந்தால் சாட்டுச் சொல்லியிருப்பேன். தெரியாதது நல்லதாகப் போயிற்று.

வைத்தியர் மூக்குத் துடைக்கிற வெள்ளை லேஞ்சியின் ஒரு நுனியைப் பச்சைக் கோட்டில் தேய்த்தார். விரித்து முதலாளி அம்மாவுக்குக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். யன்னலால் வாகனத்தைப் பார்க்கிற பார்வை. என் இலக்கத்தை எழுதுகிறார் என்று நினைத்தேன்.

"வேணுமெண்டே செய்தனீரோ?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். இல்லை என்று தலையாட்டினேன். நம்பினாரா தெரியாது.

வில்ஹெல்மைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் அறைக்குள் வரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் சொல்லிமுடிக்கும்வரை கேட்டார். பஸ்காரர்கள் எல்லோரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி அம்மா சொன்னார்: "உம்மடை குட்டியள், வில்ஹெல்ம். உம்மைப் பற்றித்தான் அவ பிழையாச் சொன்னவ. இவையள் ரெண்டு பேரையும் என்ன செய்யிறது எண்டு நீர் சொல்லும்."

எங்கள் இரண்டு பேரின் பிழைப்பும் அந்த மனிதரின் வாயில் வந்து நின்றது. என் கணவர் குசினி வாசலில் கரண்டியோடு நின்றார்.

வில்ஹெல்ம் என்னிடம்தான் பேசினார். "ரெண்டாவது குட்டி செத்த நாளிலை இருந்து எனக்கு உங்களிலைதான் சந்தேகம். உங்கடை சாப்பாட்டுத் தூள் எதையோ பாலிலை கலக்கிறியள் எண்டு. யன்னலாலை நானும் பாத்தனான். ஆனால் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான் காணேல்லைத்தானே."

நானோ கண்ணால் கண்டேன் என்று சொல்லிவிட்டிருந்தேன். அந்த ஊரில் நான் தலை குனிந்தது அந்த ஒரு நேரம்தான்.

முதல் வாய்

"குட்டியள் இவவிட்டையே இருக்கட்டும்" என்றார் வில்ஹெல்ம் கடைசியில். "இனி வாறவளுக்கு இது தெரியாது. இவவுக்குத் தெரியும்."

முதலாளி அம்மா சரி என்றார். எங்கள் கடதாசியை ஒருவரும் தொடவில்லை. கொட்டில் அறையும் வில்ஹெல்மிடமே இருந்தது. ஐந்து குட்டியில் இன்னும் ஒன்று செத்தது, நாலு தப்பியது. கிடாரத்தை நான் ஒருவருக்கும் சொல்லாமல் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

இதைக் கேட்கிற என் பிள்ளைகள், எவ்வளவு நல்ல மனிதர் என்பார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் சொன்னது அதோடு முடியவில்லை. அதைப் பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை, இங்கேதான் முதல்முதலாக எழுதுகிறேன்.

அடுத்த நாள் விடிய, அலுமினியச் சட்டியில் பாலைக் கரைத்து, போத்தலில் விட்டுக்கொண்டு கிடைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே அங்கே நின்றார். கையைக் காட்டி மறித்தார்.

"முதல் வாய் நீங்கள்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தன் தகரக் கோப்பையை நீட்டினார். போத்தலிலிருந்து ஒரு வாய் விட்டார். குளிர்ந்த, புளித்த, ஆட்டு வாடை அடிக்கிற பால். நான் குடிக்கும்வரை குட்டிகளின் கதவைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நாங்கள் ஆறு வருடம் இருந்தோம். ஒவ்வொரு மாசியிலும் ஒதுக்கின குட்டிகளை அவரே தூக்கிவந்து என்னிடம் தருவார். ஒவ்வொரு நாளும், காலையும் மாலையும், அந்தக் கோப்பையை நீட்டுவார். மழையிலும் நீட்டினார், காய்ச்சலோடும் வந்து நீட்டினார். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை, போதும் என்று அவரும் சொல்லவில்லை.

நான் குடிப்பேன். குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமல் அவரை நேரே பார்ப்பேன். அவர்தான் முதலில் கண்ணை எடுப்பார். பிறகு கதவைத் திறப்பார்.